கறியை விட்டேன்... சைக்கிளைப் பிடித்தேன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரையில் ஒருத்தன் கறி சாப்பிடவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அவனுக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால், மாலை போட்டிருக்கிறான். மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கலாம் என்று சொந்தக்காரர்களை நம்பவைப்பதற்குள் எனக்கு ஆறு மாதம் ஓடிவிட்டது. இரண்டு சித்தப்பாக்கள் இன்னும் நம்பவில்லை. 'பய ஏதோ பொண்ணு விஷயமா மாறிட்டான்' என்பது அவர்கள் கட்சி.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2014-ல் மத்திய அரசு நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். மிச்சம் இரண்டே சொச்சம் பேர். அந்தச் சின்னக் கூட்டத்தில் நானும் போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தால் சந்தேகம் வராதா?

அதுவும் எங்கள் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர்! தோசை மேலேயே கறியைப் பரப்பி 'கறி தோசை' என்று பெயர் வைத்த ஊர். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாசத் திருவிழாவுக்குப் பிரசாதமே பிரியாணிதான். அழகர்கோயிலுக்குப் போனால் உள்ளே பெருமாளுக்கு தோசை, வாசலில் காவல் நிற்கிற பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடா. "சாமிக்கே கிடா வெட்டுறோம். நீ என்னடா பெரிய..." என்று சித்தப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு லேப் ரிப்போர்ட்தான்.

அப்பா மாதிரியே!

எனக்கு 32 வயது. ஒத்தக்கடையில் வீடு, கோரிப்பாளையத்தில் ஆபீஸ். நாள் முழுக்க நாற்காலி. சாயங்காலம் வடை, ராத்திரி பரோட்டா. ஆபீஸில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள் என்று கையை நீட்டினேன். கொலஸ்ட்ரால் கணக்கில் எது இறங்கியிருக்க வேண்டுமோ அது ஏறியிருந்தது. எது ஏறியிருக்க வேண்டுமோ அது படுத்திருந்தது.

அப்பாவைப் பார்த்த அதே டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அப்பா மாதிரியே இருக்கே தம்பி" என்றார்.

மற்ற சமயத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்பா மாதிரி மூக்கு, அப்பா மாதிரி நடை என்று ஊரில் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அப்பா மூணு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. வயது 53.

"கறியை அடியோட விடணுமா டாக்டர்?"

"விடணும்னு நான் சொல்லலை. ஆட்டுக்கறியை நல்லாக் குறைங்க. எண்ணெய்ப் பலகாரத்தை, பரோட்டாவை நிறுத்துங்க. முக்கியமா உடம்பை அசைங்க."

'குறைங்க' என்பதில்தான் வில்லங்கம். குறைப்பதற்கு அளவு கிடையாது. அப்பாவும் நாலு வருஷம் 'குறைத்துக்கொண்டு'தான் இருந்தார். மூணு துண்டு வைக்கச் சொல்வார், அப்புறம் குழம்புக்குள் கரண்டியை விட்டுத் தேடுவார். எனக்கு அது ஒத்துவராது என்று பட்டது. ஒரேயடியாக விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். முட்டையை மட்டும் கூட வைத்துக்கொண்டேன். (முட்டை சைவமா, அசைவமா என்று எங்கள் ஆபீஸில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தீர்ப்பு இன்னும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது!)

24 இஞ்ச் ஹெர்குலிஸ்

உடம்பை அசைக்க என்ன வழி? ஜிம்முக்குப் பணம் கட்டுவது சுலபம், போவதுதான் கஷ்டம். மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்திக்கொண்டு நின்றிருந்தது அப்பாவின் சைக்கிள். அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ், 24 இஞ்ச், கேரியர், டைனமோ எல்லாம் உண்டு. நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதே அதில்தான்.

சைக்கிள் கடை அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ரிம்மு, டயர், டியூப், போக்ஸ் கம்பி எல்லாம் மாத்தணும். கோணல் எடுத்து, ஓவராயில் பண்ணிட்டா இன்னும் முப்பது வருஷம் ஓடும் தம்பி" என்றார். டாக்டர் எனக்குக் கொடுக்காத வாரண்டி!

அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். முதல் நாள் காலையில் வாசலுக்கு வந்து பார்த்தாள். "சீட்டை ஏத்தி வைடா. முட்டி போயிரும்" என்றாள். அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தையே சைக்கிளில் ஏற்றிவிட்டதே, அப்போது ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்ட பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அவள் சொன்னது சரிதான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம்தான் சீட்டுக்கு அளவு. சைக்கிள் விட்டால் முட்டி வலிக்கிறது என்பவர்களில் பலருக்குச் சீட்டுதான் பள்ளத்தில் இருக்கும்.

ஒத்தக்கடையில் கிளம்பினால் முதுகுக்குப் பின்னால் யானைமலை. ஹைகோர்ட், மாட்டுத்தாவணி, கே.கே.நகர், அப்புறம் கோரிப்பாளையம். எட்டு, ஒன்பது கிலோமீட்டர். பைக்கில் இருபத்தைந்து நிமிஷம், சைக்கிளில் நாற்பது. பதினைந்து நிமிஷம்தான் வித்தியாசம் என்றால் ஆபீஸில் யாரும் நம்பவில்லை. சிக்னலில் எல்லாரும் ஒன்றாகத்தான் ஸார் நிற்கிறோம்!

ஆபீஸ் வாசலில்தான் முதல் சோதனை. "டெலிவரி எல்லாம் பின்பக்கம்ப்பா" என்றார் வாட்ச்மேன். அடையாள அட்டையை நீட்டினேன். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "வண்டி ரிப்பேரா ஸார்?" என்றார் பரிதாபமாக. காருக்கு இடம், பைக்குக்கு இடம் என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். சைக்கிளுக்குக் கோடு கிடையாது. கடைசியில் அவர் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னார். வியர்வைக்கு மருந்து, பையில் ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, பத்து நிமிஷம் முன்னதாக வருவது. தீர்ந்தது.

தெம்பு எங்கேயிருந்து வரும்?

தினம் பதினேழு கிலோமீட்டர் மிதிக்கிறவன் கறி சாப்பிடாவிட்டால் விழுந்துவிடுவான் என்று பத்துப் பேர் எச்சரித்தார்கள். விழவில்லை. ஆனால் பசித்தது பாருங்கள்... அப்படி ஒரு பசி! முதல் வாரம் பதினொரு மணிக்கே டப்பாவைத் திறந்துவிட்டேன்.

பேப்பர், பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. நான் 68 கிலோ. ஆக, 56 கிராம். இரண்டு முட்டையில் 12. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. சமைக்காத மீல் மேக்கர் 25 கிராம் போட்டால் அதில் பாதி புரோட்டீன். அரை லிட்டர் பாலும் தயிருமாகச் சேர்ந்து 16. கூட்டினால் 59 வருகிறது. சோறு, இட்லி, சாம்பாரெல்லாம் அதற்கு மேலே போனஸ்.

இரண்டு விஷயத்தில் மட்டும் உஷார். பி-12 என்கிற வைட்டமின் காய்கறியில், பருப்பில் கிடையாது. பால், தயிர், முட்டைதான் கதி. அதையும் விடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. இரும்புச் சத்து கீரையிலும் பயறிலும் உண்டு. ஆனால் கறியில் இருப்பது போலச் சுலபமாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

இன்னொன்று. கறியை விட்டவன் எல்லாம் உடம்பைத் தேற்றிவிடுவான் என்று அர்த்தம் இல்லை. அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து உற்சாகமாகிச் சைவத்துக்கு மாறினார். தினம் பூரி, பரோட்டா, உருளைக்கிழங்கு சிப்ஸ், பால்கோவா. சுத்த சைவம்தான். மூன்றே மாதத்தில் நாலு கிலோ ஏறிவிட்டார்! நான் சாயங்காலம் திரும்பும் வழியில் வண்டிக்காரரிடம் ஒரு டம்ளர் பருத்திப் பாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாக்கு பழகும், மனுஷர்கள்?

நாக்கு மூன்றே வாரத்தில் அடங்கிவிட்டது. மனுஷர்கள்தான் அடங்கவில்லை. நம்ம பக்கம் உபசாரத்துக்கு இன்னொரு பெயர் கறி. அக்கா வீட்டுக்குப் போனால் அத்தான் கோழி அடிப்பார். வேண்டாம் என்றால் கோழியை வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவரையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார். ஆபீஸில் பிரமோஷன் என்றால் பக்கெட் பிரியாணி. பக்கெட்டைச் சுற்றி எல்லாரும் நிற்க, நான் மட்டும் தயிர்ப் பச்சடியோடு தனியாக நிற்பேன். "மாப்ளே, பீஸை ஒதுக்கிட்டு ரைஸை மட்டும் சாப்பிடு. அது சைவந்தானே?" என்பான் ஒருத்தன். என்ன ஒரு தாராள மனசு!

இவர்களைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதவர் பாய்.

எங்கள் தெரு முனைக் கறிக்கடை பாய்க்கும் அப்பாவுக்கும் 25 வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரைக்கே ஒயர் கூடையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அப்பா கிளம்பிவிடுவார். நெஞ்செலும்பு, ஈரல் எல்லாம் அவருக்கென்று எடுத்து வைத்திருப்பார் பாய். அதே சைக்கிளில் நான் நாலு ஞாயிறு அவர் கடையைத் தாண்டிப் போய்விட்டேன். ஐந்தாவது ஞாயிறு கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன தம்பி, நம்ம கடையில ஏதும் குறையா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அதெல்லாம் இல்லை பாய்" என்று ரிப்போர்ட் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிறாதீங்க. எனக்கும் டாக்டர் குறைக்கச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. நான் இப்ப வீட்டுல கீரைதான் திங்கிறேன். நீங்க சும்மா வாங்க தம்பி, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடை வாசலில் எனக்கு ஒரு டீ உண்டு.

அப்பாவின் இலை

ஆவணியில் அப்பாவின் நினைவு நாள் வந்தது. படையலில் மட்டன் குழம்பு, ஈரல் வறுவல் இல்லாவிட்டால் அது அப்பாவுக்குப் படையலே இல்லை. படைத்ததை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட வேண்டும் என்பது முறை. நான் மாட்டேன் என்றால் அம்மா மனசு என்ன பாடுபடும்? முந்தின நாள் ராத்திரி அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

காலையில் நானே ஒயர் கூடையை மாட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். நிறுத்துப் போட்டவர், ஒரு சுவரொட்டியை மேலே வைத்தார். "இதுக்குக் காசு வேணாம். இது அவருக்கு நான் கொடுக்கிறது" என்றார்.

அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, காக்காய்க்கும் வைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். என் இலைக்கு அம்மா தனியாக ஒரு சட்டி கொண்டு வந்தாள். அம்மியில் அரைத்த அதே மசாலா. ஆட்டுக்குப் பதில் சேனைக்கிழங்கு. பக்கத்து இலை சித்தப்பா அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "ஈரல் பிரமாதம் மதினி" என்றார்!

சிரிப்பு அடங்கியதும் அம்மாவைப் பார்த்தேன். "வருத்தமாம்மா?"

"அவருக்குப் பிடிச்சது அவருக்கு வச்சாச்சு. உனக்கு வேண்டியதை நீ சாப்பிடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ரசம் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "நீ அம்பத்தி மூணைத் தாண்டு. எனக்கு அது போதும்."

இப்போது...

ஒரு வருஷம் கழித்து மறுபடி கையை நீட்டினேன். எண்கள் இறங்கியிருக்கின்றன. இன்னும் முழுக்கத் தரைக்கு வரவில்லை. "சைக்கிளா, கறியை விட்டதா, பரோட்டாவை நிறுத்தினதா? எது காரணம் டாக்டர்?" என்றேன். "மூணும் கூட்டணி. நடுவுல எதையும் கழட்டி விட்டுறாதீங்க" என்றார்.

ஆபீஸில் இப்போது சைக்கிளுக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மூன்று சைக்கிள் நிற்கிறது. கறியை விட்டவன் மட்டும் நான் ஒருத்தன்தான். யாரையும் விடச் சொல்லி நான் வற்புறுத்துவதும் இல்லை. அதற்கெல்லாம் அவரவர் ரிப்போர்ட் இருக்கிறது.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். "ஏண்டா, அந்தப் பழைய சைக்கிளுக்கு டயர் எங்கே கிடைச்சுது?" என்று விசாரித்தார். கறியைப் பற்றி மூச்சு விடவில்லை. பரவாயில்லை, முதல்ல சீட்டில் ஏறட்டும்!