உடல் கிடைக்காத துக்கம்

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான குமரிக் கடலோர ஊர்களின் மீனவர் பலரைக் கொண்டுபோனது. பலரது உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லையென்றால் அடக்கம் இல்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றக் குழியும் இல்லை. 'எங்கேயாவது கரையேறியிருப்பார்' என்ற நினைப்பு துக்கத்தை ஆறவிடாது.

பங்குத்தந்தையரும் அருட்சகோதரிகளும் செய்யும் ஆற்றுப்படுத்தல் பணிக்கு இங்கேதான் இடம். வீடு தேடிப்போய் உட்கார்ந்து கேட்பதே அதில் பாதி. 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று அவசரப்பட்டுச் சொன்னால் அழுகிறவரின் வாயை அடைத்ததாகும். பெயர் சொல்லி ஒப்புக்கொடுக்கும் நினைவுத் திருப்பலி, இழப்பை ஊரறிய ஏற்க உதவும்.

ஜெபம் மருந்துக்கு மாற்றாகாது. 6 மாதம் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தனிக் கோளாறாகவே வகைப்படுத்துகிறது. உறக்கமும் பசியும் போய், சாகும் எண்ணம் வந்தவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.