உஷார்! ஏரியில் ஆடாத கயாக்கை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரின் கூரைமேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. சிலர் தூண்டில் போடப் போகிறார்கள். சிலர் மூச்சடக்கி முக்குளிக்கப் போகிறார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்களும் உண்டு. ஆசையில் தப்பில்லை. அந்தக் கூரைகளில் ஏறிப் போகும் கயாக்குகளில் பல கடலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

"சார், இதுல நின்னுக்கிட்டே தூண்டில் போடலாம், அசையவே அசையாது!" கயாக் விற்பவர் இப்படிச் சொன்னால் உடனே உஷாராகுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஏரியில் அது உண்மை. கடலில் அதே குணம்தான் உங்களைக் கவிழ்க்கும்.

காரணம் இதுதான். அகலமான, அடிப்பாகம் தட்டையான கயாக் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டியே நிற்கப் பார்க்கும். தண்ணீர் மட்டமாக இருந்தால் கயாக்கும் மட்டமாக நிற்கும். பக்கவாட்டில் அலை வந்து தண்ணீரே சரிந்தால், கயாக்கும் கூடவே சரியும். ஓர் அளவு வரை தாங்கும், அதைத் தாண்டியதும் முன்னறிவிப்பே இல்லாமல் புரண்டுவிடும். குறுகலான, அடிப்பாகம் சற்றே வளைந்த கடல் கயாக் இதற்கு நேரெதிர். உட்கார்ந்ததுமே ஆடும், புதியவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் சாயச் சாய ஓரிடத்தில் பிடித்து நிற்கும். அலை அடியில் நழுவிப் போகும், இடுப்பை லேசாக அசைத்தே உடம்பை நேராக வைத்துக்கொள்ளலாம். முதலில் சொன்னது தொடக்க நிலைத்தன்மை, இரண்டாவது இறுதி நிலைத்தன்மை. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். கடல் சோதிப்பது இரண்டாவதை.

கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் கயாக்கில் போய் முக்குளிப்பவர்கள் நெடுங்காலம் கொண்டாடிய 'ஸ்கப்பர் ப்ரோ' சுமார் 4.5 மீட்டர் நீளமும் 66 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இன்று மீன்பிடி கயாக் என்று விற்கப்படுபவற்றில் பல 3 மீட்டர் நீளம், 85 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். நீளம் குறைந்து அகலம் கூடினால் வேகம் போய்விடும். எதிர்காற்றில் துடுப்பு போட்டுப் போட்டுத் தோள் சோர்ந்துவிடும், கரை மட்டும் அதே தூரத்தில் நிற்கும். புதிதாக வாங்குபவர் 4 மீட்டருக்குக் குறையாத நீளமும் 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ளதைத் தேடினால் போதும் என்பது என் கருத்து. காற்றடைத்த கயாக்கைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பலமான காற்று அதைத் தன் விருப்பப்படி தள்ளிக்கொண்டு போகும்.

உயரமான நாற்காலியும் ஒரு பொறிதான். முதுகுக்குச் சுகம், மீனைப் பார்க்கவும் வசதி. ஆனால் உட்காருமிடம் ஒரு சாண் உயர்ந்தால் உடலின் எடையும் ஒரு சாண் மேலே போகிறது, கவிழ்வது அவ்வளவு சுலபமாகிறது. தாழ்த்தி வைக்க முடிந்த இருக்கையாகப் பாருங்கள். '200 கிலோ தாங்கும்' என்று எழுதியிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கில் எடுங்கள். உங்கள் எடை, ஈர உடை, எடைப்பட்டை, ஐஸ் பெட்டி, நங்கூரம், குடிநீர், திரும்பும்போது ஏறும் மீன் என எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

முக்குளிப்பவருக்கு மேலே உட்காரும் வகைக் கயாக்தான் சரி. உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் தொட்டி நிரம்பிவிடும். நடுக்கடலில் அதை இறைத்து மறுபடி உள்ளே நுழைவது தனியாகப் பழகிக்கொள்ள வேண்டிய வித்தை. மேலே உட்காரும் வகையில் வடிகால் துளைகள் உண்டு, ஏறிய தண்ணீர் தானே இறங்கிவிடும். நம் கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிவதும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் கட்டுமரம் முழு மரம், கயாக்கோ உள்ளே வெற்றுக் கூடு. இந்த ஒரு வேறுபாட்டை மறப்பவர்கள்தான் பெரிய ஆபத்தில் மாட்டுகிறார்கள். மூடி சரியாக இறுகாமல் இருக்கலாம், வடிகால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கலாம், பின்பக்க அடைப்பானைத் திருக மறந்திருக்கலாம். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். 40 லிட்டர் புகுந்தால் 40 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்காது. அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கினால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே எல்லாம் ஓடுமே, அப்படித்தான் கயாக்குக்குள்ளும். லேசாகச் சாய்ந்ததும் 40 கிலோவும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை முடித்து வைக்கும். கயாக் திடீரென மந்தமாகிவிட்டதா, இதுவரை இல்லாத ஆட்டம் ஆடுகிறதா? மீனை விடுங்கள், உடனே கரைக்குத் திரும்புங்கள். கிளம்பும் முன்பே கரையில் கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். பழைய கயாக் வாங்குபவர்கள் இந்தச் சோதனை செய்யாமல் காசைக் கொடுக்கவே கூடாது. நடுவில் தடுப்பில்லாத கூடு என்றால் உள்ளே மிதவை நுரைக் கட்டைகளைத் திணித்து வையுங்கள். தண்ணீர் புகுந்தாலும் அது பரவ இடம் குறையும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளில் முக்கியமானது, தண்ணீரிலிருந்து மேலே ஏறிப் பார்ப்பது. உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கால் எட்டாத ஆழத்தில், ஈர உடையும் காலில் நீண்ட ஃபின்னும் (நீச்சல் துடுப்பு) மாட்டியபடி ஏற வேண்டும். இரண்டு கைகளையும் கயாக்கின் குறுக்கே வையுங்கள். ஃபின்னை உதைத்து உடம்பை நீரின் மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். முதலில் வயிறு ஏறட்டும், பிறகு புரண்டு பிட்டம், கடைசியாகக் கால்கள். பத்துத் தடவை முக்குளித்துக் கை கால் தளர்ந்த பிறகும் இதைச் செய்ய முடிகிறதா? அந்த நேரத்தில் ஏற முடியாத கயாக் உங்களுக்கு உதவாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. ஏறும் முன் எடைப்பட்டையைக் கழற்றி மேலே வைத்துக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். ஈட்டித் துப்பாக்கி இருந்தால் அதன் விசையைத் தண்ணீரிலேயே தளர்த்திவிட வேண்டும். பிறகு வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து, நீங்களே நிமிர்த்திப் பாருங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று விற்பவர் தடுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டுபவர்களைப் பார்த்தால் பதறுகிறது. நீரோட்டம் இழுக்கும்போது கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும், தண்ணீர் மேலேறும், நொடியில் எல்லாம் முடிந்துவிடும். முன் முனையிலோ பின் முனையிலோ மட்டுமே கயிறு இழுக்க வேண்டும். ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சும் கயிற்றின் நுனியில் ஒரு மிதவையும் அவசியம். சிக்கல் வந்தால் நங்கூரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தனியாக முக்குளிக்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், போகாதீர்கள். மூச்சடக்கி மேலேறும்போது கடைசி சில மீட்டர்களில் உடலில் ஆக்சிஜன் அழுத்தம் சட்டென்று இறங்கும். நினைவு தப்புவது பெரும்பாலும் அங்கேதான், அல்லது தலை வெளியே வந்த சில நொடிகளில். வலி இருக்காது, மூச்சுமுட்டல்கூட இல்லாமல் போகலாம். முக்குளிக்கும் முன் வேக வேகமாக மூச்சிழுத்து விடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் உடல் தரும் எச்சரிக்கையே தள்ளிப்போய்விடுகிறது. ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். அவர் வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961இல்) குளிப்பவர் கல்லைப் பிடித்துக் கீழே போவார், மேலே கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்பார். பரம்பரையாகக் கடலுக்குள் போனவர்களுக்கே அந்த ஆள் தேவைப்பட்டார்.

அதே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே உள்ள கடலடிப் பாறைத் திட்டுகளில் அனுமதியின்றி இறங்குவது குற்றம். கடல் அட்டை, கடல் குதிரையைத் தொட்டாலும் சட்டம் பாயும்.

இன்னொன்று காற்று. தென்மேற்குப் பருவ மாதங்களில் கிழக்குக் கரையில் காலையில் கடல் தட்டையாகத் தெரியும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. போகும்போது துடுப்பே வேண்டாம் போலிருக்கும். திரும்பும்போதுதான் அது எதிரே நிற்கும். இருவரும் தண்ணீரில் இருக்கையில் கயாக் அவிழ்ந்து போனால், அதை நீந்திப் பிடிக்க யாராலும் முடியாது. காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரத்தில் கிளம்பிய பேரலை கரையில் வந்து உடையலாம். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். அதோடு அந்தக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவரிடமும் கேளுங்கள். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று அவர் சொன்னால் கயாக்கைத் திரும்பக் கார்மேல் கட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். துடுப்பு போடும்போது லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், விசில் அதிலேயே தொங்கட்டும். தண்ணீர் புகாத உறையில் போட்ட கைபேசியைக் கயாக்கில் வைக்காமல் உங்கள் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். அதில் இப்போதே இரண்டு எண்களைப் பதிந்து வையுங்கள்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.