ஆசைக்கு ஒரு கைக்கடிகாரம்

மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச் என்று சீர்ப் பட்டியல் எழுதும் நம் வீடுகளில், பெண்ணுக்கு வாட்ச் என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? பெண்ணுக்கு எத்தனை பவுன் என்றுதான் கேட்பார்கள். நல்ல வாட்ச் என்றாலே அது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஆகிவிட்டது.

பழைய கதையைப் பார்த்தால் விஷயமே வேறு! நேபிள்ஸ் நாட்டு ராணி கரோலின் முரா, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம் வேண்டுமென்று பாரிஸில் இருந்த பிரெகே என்ற கடிகாரக்காரரிடம் 1810-ல் சொல்லிச் செய்துகொண்டார். 1868-ல் பாடெக் பிலிப் கம்பெனி முதல் கைக்கடிகாரம் செய்ததும் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்காகத்தான். அன்றைய ஆண்கள் சங்கிலி போட்ட கடிகாரத்தைப் பையில் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் (1914-18) சிப்பாய்களுக்குப் பையைத் துழாவ நேரமில்லாமல் போன பிறகுதான் ஆண்கள் கையிலும் வாட்ச் பரவலாக ஏறியது.

நான் ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில் போட்டு வந்த மூன்று லட்ச ரூபாய்ச் சீட்டு போன வருஷம் முடிந்தது. என் மனதில் ரொம்ப நாளாக ஓர் ஆசை. நானே பார்த்து, நானே பிடித்து, நல்லதாக ஒரு வாட்ச் வாங்க வேண்டும். சொன்னதும் என் மாமியார், "ஏம்மா, பொன்னா வாங்கி வச்சா ஆபத்துக்கு அடகு வைக்கலாம். கெடியாரத்தை எந்தக் கடையில எடுத்துப்பான்?" என்றார். என் வீட்டுக்காரர், "உன் காசு, நீ பார்த்துச் செய்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். சில அபூர்வ மாடல்களைத் தவிர, எந்த வாட்சும் கடையை விட்டு வெளியே வந்தால் விலை இறங்கத்தான் செய்யும். அதனால் பாதிப் பணத்தைப் பெண் பேரில் பொன்னாகப் போட்டேன். மீதிப் பாதிதான் என் ஆசைக்கு. ஆபத்துக்கு என்று வைத்த பணத்தில் இந்த ஆசை வேண்டாம் என்பது என் முதல் கட்சி.

மணி பார்க்க மட்டும் என்றால் இரண்டாயிரம் ரூபாய் வாட்சே போதும். 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் வந்தது. 1984-ல் டாடாவும் நம் அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வைத்தார்கள். இவை சாதாரணக் குடும்பங்களுக்கும் நல்ல வாட்ச் கொடுத்தன. லட்ச ரூபாய்க்கு மேல் போகிறோம் என்றால், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டாமா? மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிய வேண்டும்

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. பெண்கள் வாட்ச் என்று சுண்டைக்காய் அளவில் ஒரு டயலும், எண்ணுக்குப் பதில் நான்கு கல்லும் வைத்துத் தருகிறார்கள். முத்துச் சிப்பி டயல் வெளிச்சத்தில் பளபளத்து முள்ளையே மறைக்கிறது. எனக்கு வேண்டியது வெள்ளை டயல், கறுப்பு எண்கள், நீலம் அல்லது கறுப்பு முள். கடை விளக்கில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசல் பக்கம் வந்து, கையை நீட்டி மணி பாருங்கள். சட்டென்று தெரியாவிட்டால் அந்த வாட்சை வைத்துவிடுங்கள்.

டயலைச் சுற்றி வைரம் பதித்தது எனக்கு வேண்டாம். பொடிக் கல்லுக்குக் கொடுக்கும் விலை திரும்பி வராது.

கைக்குப் பொருந்த வேண்டும்

என் கை மெலிந்த கை. 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயல்தான் பாந்தமாக இருக்கிறது. இப்போது பெரிய டயல்தான் பேஷன் என்பார்கள். வாட்சின் இரண்டு காதுகளும் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இரவல் வாங்கியது போல இருக்கும்.

தோல் பட்டை பார்க்க லட்சணம். ஆனால் திருச்சி வெயிலில் வேர்வை பட்டு ஒரே வருஷத்தில் நாறிவிடும். ஸ்டீல் செயின்தான் நமக்கு லாயக்கு. ஒரு சுண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக இருந்தால் போதும்.

கவரிங் நகை போட்டாலே அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் நிக்கல் என்ற உலோகம்தான் காரணம். மட்டமான முலாம் தேய்ந்ததும் தோலில் படும். அப்படிப்பட்டவர்கள் 316எல் என்ற ரக ஸ்டீல் கட்டலாம். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் அவ்வளவாக வெளியே வராது. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டைட்டேனியம் இருக்கிறது, எடையும் குறைவு.

பேட்டரியா, ஆட்டோமேடிக்கா?

பேட்டரி வாட்சில் ஒரு சின்னப் படிகம், விநாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து மணி காட்டுகிறது. இதுதான் குவார்ட்ஸ். 1969-ல் ஜப்பானின் செய்கோ கம்பெனி இதை முதலில் விற்றது. மாதத்துக்குச் சில விநாடிதான் பிசகும். மலிவான வாட்சிலும் இதே தத்துவம்தான்.

ஆட்டோமேடிக்கில் பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஓர் எடை சுழன்று சுருள்வில்லை முறுக்கிக்கொள்கிறது. நாளுக்கே சில விநாடி முன்னே பின்னே போகும். கழற்றி பீரோவில் வைத்தால் பல வாட்சுகள் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் வரும்.

இத்தனை தெரிந்தும் எனக்குப் பிடித்தது ஆட்டோமேடிக்தான். அத்தனை சக்கரத்தையும் கோத்து ஓடவிடும் வேலைப்பாட்டுக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன். என் கை எப்போது சும்மா இருந்தது, அது நிற்பதற்கு? கல்யாணம் கார்த்திகைக்கு மட்டும் கட்டுகிறவர்களுக்குக் குவார்ட்ஸே சரி. என் தங்கைக்கு அதைத்தான் சொன்னேன்.

கண்ணாடியும் தண்ணீரும்

மேல் கண்ணாடி சபையர்தானா என்று கேளுங்கள். கடினத்தில் வைரம் 10 என்றால் சபையர் 9, மணல் 7. சாதாரணக் கண்ணாடி மணலுக்கும் கீழே, அதனால் கீறல் விழுகிறது. சபையர் லேசில் கீறாது. ஆனால் சிமெண்ட் தரையில் விழுந்தால் உடையலாம்.

"30 மீட்டர்" என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீந்துகிறவர்களுக்கு 100 மீட்டர் வேண்டும். எதுவானாலும் வெந்நீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் கழற்றி வைப்பதே நல்லது.

காந்தமும் ஆகாது. கைப்பையின் காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி பக்கத்தில் ஆட்டோமேடிக் வாட்சை வைத்தால் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், பழுது பார்க்கும் கடையில் சில நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

கம்பெனி அங்கீகரித்த கடைதானா? ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள எண், வாட்சில் உள்ள எண்ணோடு ஒத்துப் போகிறதா? பழுது பார்க்கும் இடம் நம் ஊரில் உண்டா, இல்லை சென்னைக்கோ பம்பாய்க்கோ அனுப்புவார்களா? இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். உறவுக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று தெரிந்தவரிடம் ரசீதில்லாமல் வாங்கினார். போலி என்று பிறகு தெரிந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

"ஸ்விஸ் மேட்" என்று போட்டிருந்தால் முழுக்க அங்கே செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2017 முதல் உள்ள சட்டப்படி, தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது ஸ்விட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும்.

கடைசியில் நான் வாங்கிய வாட்சில் கல்லும் இல்லை, தங்கமும் இல்லை. "இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டவர்கள் உண்டு. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. என் கைக்கும் கண்ணுக்கும் பிடித்தது உங்களுக்குப் பிடிக்க வேண்டுமென்பதில்லையே!

சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். நகையோ புடவையோ வாங்கும்போது நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பார்க்கிறோம். வாட்ச் விஷயத்தில் அந்த நாலு பேரை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அதைப் பார்க்கப் போவது நீங்கள்தான். ஒவ்வொரு தடவையும் மனசு குளிர வேண்டும். அந்த வாட்ச் ஐந்தாயிரம் ரூபாயானாலும் சரி, லட்ச ரூபாயானாலும் சரி, அதுவே உசத்தி.