குழந்தைகளின் நடைக்கு ஏற்ப நடப்போம்



தொடக்கநூல் 33ஆம் அதிகாரத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் தம்பியைச் சந்தித்த ஏசா, தம்மோடு சேர்ந்து பயணம் செய்ய யாக்கோபை அழைக்கிறார். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள் என்பதால், அண்ணனை முன்னே போகச் சொல்லிவிட்டு, அவர்களின் நடைக்கு ஏற்ப மெல்லப் பின்தொடர்வதாகச் சொல்கிறார். சிறு பிள்ளைகளைச் சாலையில் அழைத்துச் செல்லும் ஒவ்வொருவருக்கும் இது பாடம்.

திருப்பலிக்கும், பேரணிக்கும், பவனிக்கும் நம் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் செல்கிறோம். விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்தவை. புதுச்சேரி, திருவண்ணாமலை செல்லும் சாலைகளும் இவ்வூர்களில் வந்து சேர்கின்றன.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் குழந்தை, 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 7 நொடிகள் ஆகும். மீட்டருக்கு ஒரு சோடியாக 30 பிள்ளைகள் சென்றால், கடைசிச் சோடி மறுபுறம் சேர 21 நொடிகள் ஆகும். அதற்குள் அந்தப் பேருந்து 460 மீட்டருக்கு மேல் வந்துவிடும். முதல் பிள்ளை இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத வண்டி, கடைசிப் பிள்ளை கடக்கும்போது அருகில் நிற்கும்.

எனவே நீண்ட வரிசையாகக் கடக்கக் கூடாது. பிள்ளைகளைச் சாலையோரமாகப் பக்கவாட்டில் நிறுத்தி, இரு முனையிலும் பெரியவர்கள் நின்று வண்டிகளை நிறுத்திய பின், எல்லாரும் ஒரே நேரத்தில் கடக்க வேண்டும். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி வலது ஓரமாகச் செல்வோம். முன்னே ஒருவர், பின்னே ஒருவர், வண்டிகள் வரும் பக்கம் ஒருவர் என மூவராவது உடன் வரட்டும். மெதுவாக நடக்கும் குழந்தை முதலில் நடக்கட்டும். வரிசை அறுந்து, பின்தங்கியவர்கள் ஓட வேண்டியிருக்காது.

"கவனமாகப் போ" என்று சொன்னால் போதாதா? சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டினா சாண்டல்ஸ் 1960களில் செய்த ஆய்வுகள், வண்டியின் வேகத்தையும் ஒலி வரும் திசையையும் கணிக்கும் திறன் சிறு குழந்தைகளிடம் இன்னும் வளரவில்லை என்று காட்டின. அறிவுரையால் அந்தக் குறையை நிரப்ப முடியாது. பெரியவர்களே அவர்களுக்குக் கண்ணும் காதுமாக இருக்க வேண்டும்.

ரயில் பாதையில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மாணவர் மூவர் இறந்தனர். கேட் திறந்திருந்தாலும், நின்று இருபுறமும் பார்த்த பின்பே கடப்போம்.

புறப்படும்போதும், கடந்த பின்னும், சேர்ந்த பின்னும் எண்ணுவோம். பன்னிரண்டு வயது இயேசு பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணியே மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் நடந்தனர் (லூக்கா 2). அன்புள்ள பெற்றோருக்கே அப்படி நேர்ந்தது என்றால், முப்பது பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

அக்டோபர் 2ஆம் நாள் காவல் தூதர்கள் விழாவைக் கொண்டாடுகிறோம். சிறியோரின் வானதூதர்கள் தந்தையின் திருமுன் நிற்பதாக ஆண்டவர் சொன்னார். சாலையில் அந்தக் காவல் பணியை நம் கைகளில் தந்திருக்கிறார். அவசரத்தை விட்டு, குழந்தைகளின் நடைக்கு ஏற்ப நடக்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!