சாறு புளித்தால் கள்ளு, சம்சு கெட்டால் சாவு



ஒரு காலத்தில் ஆப்பிள் என்றால், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற பழம். இன்று ஈப்போ இரவுச் சந்தையில் பை பையாகக் கட்டி விற்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்றதும், நம் இளைஞர்கள் சிலருக்கு ஓர் ஆசை வருகிறது. பிழிந்து, சீனி போட்டு, போத்தலில் அடைத்து வைத்தால் ஒயின் ஆகிவிடுமாமே! "பழம்தானேண்ணே, கெடுதல் என்ன வந்துடப் போகுது?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களோ, "நம்ம பாட்டன் குடிக்காத கள்ளா?" என்று சிரிக்கிறார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து. எது உண்மை, எது ஆபத்து என்று தெரியாமல் உயிரை விட்டவர்களும் கண்ணை இழந்தவர்களும் உண்டு. ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

சாறு ஏன் புளிக்கிறது?

எந்த இனிப்புச் சாறானாலும் சரி, திறந்து வைத்தால் புளிக்கும். பழத்தின் தோலிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சாற்றில் இறங்கி, அதிலுள்ள சர்க்கரையைத் தின்று, மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இது ஓர் உயிரின் வேலை என்பதை 1850களிலும் 1860களிலும் நிரூபித்துக் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

இங்கிலாந்தின் குளிரில் ஆப்பிள் சாறு மெதுவாகப் புளிக்கும். சைடர் என்ற பானமாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். நம் ஊர்ச் சூட்டிலோ தென்னம்பாளையிலிருந்து சொட்டுகிற சாறு, பானையில் இருக்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள் அதில் நாலைந்து விழுக்காடு மது சேர்ந்துவிடும். இன்னும் வைத்திருந்தால் வேறொரு கிருமி வந்து மதுவைக் காடியாக, அதாவது வினிகராக மாற்றிவிடும். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும் என்பது நம் முன்னோர் கண்ட வழி. ஈஸ்ட் என்ற பெயர் தெரியாமலே அதை அடக்கத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆக, சைடரும் கள்ளும் ஒரே ஜாதிதான். அங்கே ஆப்பிள், இங்கே தென்னம்பாளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கூலிக்குப் பதில் குடி

இன்னொரு விஷயத்திலும் இரண்டும் ஒன்றே. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் விவசாயக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து ஊற்றும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. பண்ணைக்காரருக்குக் காசு மிச்சம். கூலிக்காரரின் வீட்டில் அடுப்பு எரியாது. 1887ஆம் ஆண்டுச் சட்டம்தான், விவசாயக் கூலியை மதுவாகக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தது.

அதே இங்கிலாந்தில் டெவன் என்ற வட்டாரத்தில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்று வலியும், கை கால் விளங்காமல் போவதும் பல காலமாக இருந்து வந்தது. பழத்தின் குற்றம் என்றே நினைத்திருந்தார்கள். சாறு பிழியும் செக்குகளில் இருந்த ஈயம்தான் காரணம் என்று 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். கரைந்தது உடம்பில் சேரும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் தோட்டங்களில் கூலியைக் கள்ளாகக் கொடுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தார்கள். பால் வெட்டிச் சம்பாதித்த காசு, லயத்துக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே கரைந்தது. இதை முதலில் எதிர்த்தவர்கள் வெளியாட்கள் அல்ல, தொழிலாளர்கள்தாம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில், சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. யுத்தம் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங்கில் அந்த மறியல் போலீசாருடன் மோதலில் முடிந்தது.

அவர்கள் கேட்டது என்ன? "எங்கள் உடம்பும் எங்கள் சம்பளமும் எங்களுக்கே வேண்டும்" என்பதுதான். கூலி உயர்வுக்கு நின்ற அதே கால்கள்தாம் கள்ளுக்கடை வாசலிலும் நின்றன.

கள்ளு போய்ச் சம்சு வந்தது

இன்று தோட்டக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் இல்லை. தோட்டங்களே துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. ஆனால் கள்ளு போன இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கேதான் நாம் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

கள்ளு, சைடர், ஒயின் எல்லாம் புளிக்க வைத்தவை. சம்சு, சாராயம், விஸ்கி, பிராந்தி எல்லாம் காய்ச்சி வடித்தவை. புளிக்கவைத்த கள்ளில் நாலைந்து விழுக்காடு மது என்றால், விஸ்கி, பிராந்தியில் சுமார் 40 விழுக்காடு. ஒரு குவளைக் கள்ளைக் குடிப்பதுபோல் வடித்த சரக்கைக் குடித்தால் கல்லீரல் தாங்குமா?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மதுவில் இரண்டு வகை. குடிக்கிற மதுவுக்கு எத்தனால் என்று பெயர். மெத்தனால் என்பது அதன் கூடப் பிறந்த நஞ்சு. பழம் புளிக்கும்போதும் மெத்தனால் துளியளவு உண்டாகும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. வீட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சும்போது, முதலில் வடிகிற சரக்கில் அது கூடுதலாகச் சேரலாம். ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாவு விழுகிற இடங்களில் பெரும்பாலும் காரணம் வேறு. பெயிண்டுக்கும் தின்னருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயன்படுகிற மலிவான மெத்தனாலை, காசுக்கு ஆசைப்பட்டு எவனோ சரக்கில் கலந்துவிடுகிறான்.

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் இப்படிப்பட்ட சரக்கைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், பங்களாதேஷ், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் யார்? மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்த ஏழைத் தொழிலாளிகள்.

பால் உறைய வைக்கும் அதே ஆசிட்

மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் என்ன செய்கிறது? நம் கல்லீரல் அதை உடைத்து பார்மிக் ஆசிடாக மாற்றுகிறது. இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. ரப்பர் பாலை உறைய வைக்கத் தொட்டியில் ஊற்றுவோமே, அதே ஆசிட்தான்! கையில் பட்டாலே எரிகிற அந்தச் சாமான் இரத்தத்தில் ஊறினால் எப்படி இருக்கும்? முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பிறகு இரத்தமே புளித்துப்போய், மூச்சு முட்டி, உயிர் போகிறது. பத்து மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கப் போதும். முப்பது மில்லி உயிரையே பறிக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், குடித்த உடனே ஒன்றும் தெரியாது. வழக்கமான போதை போலத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துத்தான் குறி தெரியும். தலைவலி, வாந்தி, கடுமையான வயிற்று வலி, மூச்சு வாங்குதல், பார்வை மங்குதல். கண்ணுக்கு முன்னால் பனி கொட்டுவதுபோல வெள்ளையாகத் தெரிகிறது என்பார்கள்.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? "ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கலை, தூங்கட்டும் விடு" என்று போர்த்திவிடுகிறோம். தாய்மார்களே, அந்தத் தூக்கம்தான் பலருக்குக் கடைசித் தூக்கமாகிவிடுகிறது.

நிறத்தைப் பார்த்தோ, முகர்ந்தோ, நக்கிப் பார்த்தோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பரிசோதனையையும் நம்ப வேண்டாம். போத்தலில் லேபிள் அழகாக இருப்பதும் உத்தரவாதம் ஆகாது.

உடனே செய்ய வேண்டியவை

குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாளும் வாந்தியும் வயிற்று வலியும் நிற்காவிட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். ஈப்போ பக்கமானால் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான் பக்கமானால் அங்கங்கே உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி.

மிச்சமிருக்கிற சரக்கையும் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். "சம்சு குடித்தார்" என்று வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மறைத்தால் வைத்தியம் தாமதமாகும்.

நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மோர், எலுமிச்சை, பழைய சோற்றுத் தண்ணீர் எதுவும் இந்த நஞ்சை முறிக்காது.

ஒரே போத்தலில் குடித்த எல்லாரும், "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்பவரும் சேர்த்து, போக வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி பெர்மிட்டை நினைத்துப் பயந்து போக மறுக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உயிர் இருந்தால்தான் பெர்மிட்.

ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் உண்டு. மெத்தனால் ஆசிடாக மாறுவதைத் தடுக்க மாற்று மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் மெஷின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். நேரத்தோடு போனால் கண்ணையும் உயிரையும் காப்பாற்றலாம்.

பழம் பிழிய ஆசையா?

தாராளமாகப் பிழியுங்கள், ஆனால் சாறாகவே குடியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, புளிக்கிற சாற்றைப் போத்தலில் இறுக்கி மூடினால், உள்ளே சேரும் வாயு கண்ணாடியை வெடிக்க வைக்கும். சிதறுகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

சாற்றுக்கும் சுத்தம் வேண்டும். 1996இல் அமெரிக்காவில் சூடாக்காத ஆப்பிள் சாற்றில் கிருமி கலந்து 60 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. அதனால் பழத்தை நன்றாகக் கழுவுங்கள். பூஞ்சணம் பிடித்து அழுகிய ஆப்பிளைத் தூக்கிப் போடுங்கள்; அதிலுள்ள நஞ்சு சூட்டுக்கும் முழுசாகப் போகாது. பிழிந்ததை அன்றே குடியுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். கொய்யா, அன்னாசி, நட்சத்திரப் பழம் எதற்கும் இதே விதிதான்.

டெவன் கதையை மறக்க வேண்டாம். புளி, காடி, பழச்சாறு ஆகியவற்றைத் தகர வாளியிலோ பெயிண்ட் டின்னிலோ வைக்காதீர்கள். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் நல்லது. களைக்கொல்லி வந்த டின்னை எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது. ஆனாலும் பழைய மருந்தைக் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் இன்றே அதை அப்புறப்படுத்த வழி செய்யுங்கள்.

விட நினைப்பவருக்கு

மதுவில் இந்த அளவு வரை பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டும் பாருங்கள். நாளுக்குப் பத்து வெள்ளி குடிக்குப் போனால் மாதம் 300 வெள்ளி. வருஷத்தில் 3,650 வெள்ளி. பிள்ளையின் படிப்புச் செலவு அதில் இருக்கிறது.

ஆனால் பல வருஷமாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். அதனால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டர் சொல்கிறபடி நிறுத்துவதே நல்லது. வீட்டுக்காரரைத் திட்டித் தீர்ப்பதைவிட, "வாங்க, நானும் வர்றேன்" என்று கூட நடப்பது பலன் தரும்.

பால் உறைய வைக்கிற ஆசிட் தொட்டியோடு நிற்கட்டும். அது நம் கண்ணுக்குள் போக வேண்டாம். கள்ளுக்கடை வாசலில் அன்று நின்றவர்கள் நமக்காகத்தான் நின்றார்கள். சம்சுப் போத்தல் நம் வீட்டு வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.