பொங்கலுக்குக் கடன் வேண்டாம், ரசீது வேண்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்த அன்று தொடங்கும் செலவு, காணும் பொங்கல் மாலையில்தான் ஓய்கிறது. கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டுச் சட்டை, ஊருக்குப் போக டிக்கெட், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, புதிதாய்க் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் என்று மூன்று, நான்கு வாரத்துக்குள் வரிசையாக வந்து நிற்கின்றன. சம்பளம் மட்டும் மாதத்துக்கு ஒன்றுதான்.

நிதானமாகக் கணக்குப் போட்டால் பொங்கலின் அடிப்படைச் செலவு பெரிதல்ல. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், கொஞ்சம் நெய், முந்திரி, இரண்டு கரும்பு, ஒரு மஞ்சள் கொத்து போதும். இவற்றுக்காகக் கடனாளி ஆன குடும்பம் கிடையாது. குடும்பத்தைச் சாய்ப்பவை வேறு மூன்று: ஆண்டு முழுக்கக் கட்டிக் கைக்கு வராமல் போன சீட்டு, கடைசி நேரத்தில் வாங்கிய அவசரக் கடன், பில் இல்லாமல் வாங்கிய பொருள். மூன்றுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடக்க, கையில் ஒரு ரசீதாவது இருக்க வேண்டும்.

அந்த அட்டையில் என்ன இருக்கிறது?

பண்டிகைச் சீட்டு கட்டுபவர்களிடம் ஓர் அட்டை இருக்கும். மேலே சாமி படம், கீழே பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிறுக்கல் கையெழுத்து. மாதம் 500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,000. "முடிவில் மளிகை, பாத்திரம், வெள்ளிக்காசு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குப் பொருள் வரும்" என்பார்கள். வசூலிக்க வருபவர் பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் அக்காதான். அவருக்கும் ஆள் சேர்த்ததற்குக் கமிஷன் உண்டு. "அக்கா, கம்பெனி அட்ரஸ் எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டால், "என்னைத் தெரியாதாடி உனக்கு?" என்று பதில் வரும். அவரைத் தெரியும், சரி. பணம் போய்ச் சேரும் இடம் அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஆறாயிரம் கட்டினால் ஒன்பதாயிரம் எப்படி வரும்? பன்னிரண்டு மாதத்தில் ஒன்றரை மடங்கு தரும் நேர்மையான தொழில் எளிதில் அமையாது. புதிதாகச் சேருபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குப் பொருள் கொடுத்தால்தான் அது நடக்கும். ஆள் சேருவது நின்ற ஆண்டில் அலுவலகம் பூட்டிக்கிடக்கும். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பகுதியில் தீபாவளிச் சீட்டு கட்டியவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் வீதிக்கு வந்து போராடியது இப்படித்தான்.

ஏலச்சீட்டு வேறு வகை. அது 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொடங்கும் முன்பே பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்; சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்ட வேண்டும். நடத்துபவர் எடுக்கும் கமிஷன், 2019-இல் வந்த திருத்தத்தின்படி, 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குவது உறுப்பினரின் உரிமை. பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் முதல் தவணையே கட்ட வேண்டாம்.

அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது, 2019-இன் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டமும் இருக்கிறது. ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் வழியாக விற்று, பணத்தைப் பங்கிட்டுத் தர இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும். அட்டை, ரசீது, ஜிபே பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஒரு நிறுவனம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் முன்கூட்டியே பார்க்கலாம்; அங்கேயே புகாரும் அளிக்கலாம்.

அடுத்த பொங்கலுக்குச் சேர்க்க வேண்டுமா? வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பு தொடங்குங்கள். வெள்ளிக்காசு கிடைக்காது, போட்ட பணம் வட்டியோடு வரும். வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. நகைக்கடைச் சீட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. பொருளுக்கு முன்பணம் என்று வாங்கும் நிறுவனம் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் அங்கே 11 மாதத் திட்டம் ஓடுகிறது. அதற்கு மேல் இழுத்தால் சந்தேகப்படுங்கள்.

ஐந்து நிமிடக் கடன்

கைப்பேசியில் ஆதாரும் ஒரு செல்ஃபியும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பணம். மோசடிச் செயலிகளின் கணக்கு இப்படிப் போகும்: 10,000 ரூபாய் கடன் என்பார்கள், செயலாக்கக் கட்டணம் என்று 2,500-ஐப் பிடித்துக்கொண்டு 7,500 அனுப்புவார்கள், பதினைந்தாம் நாள் 10,000 திருப்பிக் கேட்பார்கள். பதினைந்து நாளுக்கு 33 சதவீதம், ஆண்டுக்கு 800 சதவீதத்துக்கும் மேல். தவறினால் கைப்பேசியில் இருக்கும் சொந்தக்காரர்கள் எண்ணுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி போகும். ஒட்டுவேலை செய்த படங்களும் போகும்.

முறையான கடன் எப்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இலும், விரிவாக 2025-இலும் விதி வகுத்திருக்கிறது. கடன் தருவது வங்கியாகவோ பதிவு பெற்ற நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். செயலி வெறும் இடைத்தரகர். பணம் கடன் தருபவரின் கணக்கிலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியைச் சொல்லும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். தமிழில் கேட்கலாம். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தைப் பிறகு பிடிக்க முடியாது.

வாங்கிய பிறகு மனம் மாறினால்? குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி வெளியேறலாம். முன்பே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. அனுமதி கேட்கும்போதே அது தொட நினைக்கிறது என்று பொருள், அப்படியே நீக்கிவிடுங்கள். வசூலுக்கு அழைப்பவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது.

தெருவில் வாங்கும் மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் கொடுத்தவர் மிரட்டினால், கட்ட வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்திக் கடனை முடிக்கவும் அந்தச் சட்டம் வழி தருகிறது. கட்டாயப்படுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு மாநிலச் சட்டமும் வந்திருக்கிறது. கடன் வாங்கியது குற்றமல்ல. மிரட்டுவதுதான் குற்றம். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அவமானத்துக்குப் பயந்து தவறான முடிவுக்குப் போனவர்கள் பலர்.

'ஜீரோ சதவீத' தவணையிலும் கவனம் தேவை. இலவசமாய்ப் பணம் தர யாரும் கடை திறக்கவில்லை. வட்டியைச் செயலாக்கக் கட்டணமாக மாற்றி மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளைக் கண்டித்தது. "ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் குறைக்கும் தொகைதான் அந்த 'ஜீரோ' வட்டி.

விற்ற பொருள் வாபஸ் இல்லையா?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு செயல்களை முறையற்ற வணிகம் என்கிறது. ஒன்று, பில் தர மறுப்பது. இன்னொன்று, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள் கணக்கு. எனவே முதல் துவைப்பிலேயே சாயம் போன புடவையைக் கொண்டுபோகும்போது, சுவரில் தொங்கும் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' பலகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பதற்கு மட்டும் கடையின் நல்லெண்ணம்தான் துணை.

கேட்டும் தீராவிட்டால் 1915-க்கு அழைக்கலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ரேஷன், வெல்லம், டிக்கெட்

அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு தரும் பொங்கல் தொகுப்பை விட்டுவிடாதீர்கள். டோக்கனில் உள்ள நாளில் போக முடியாவிட்டாலும் கடையில் கேளுங்கள். வாங்காமலே வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் அன்றே 1967-இல் புகார் சொல்லுங்கள்.

வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் மகிழ வேண்டாம். அந்த நிறத்துக்காக ஹைட்ராஸ் என்னும் வெளுப்பான் சேர்ப்பது உண்டு. அழுத்தமான பழுப்பு நிற வெல்லமே நல்லது, பல கடைகளில் விலையும் குறைவு. கலப்படச் சந்தேகத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. ஜனவரி நடுவில் ஊருக்குப் போக நவம்பர் நடுவிலேயே உட்கார வேண்டும். ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது கிளம்பும் முன் விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். ஆம்னி பேருந்துக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆனாலும் கொள்ளைக் கட்டணம் என்றால் டிக்கெட் நகலோடு போக்குவரத்துத் துறையிடம் புகார் செய்யுங்கள். அரசு விடும் சிறப்புப் பேருந்துகளே கைக்கு அடக்கமான வழி.

'பொங்கல் பரிசு' என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவர் திருடர். பணம் போய்விட்டால் நிமிடம் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த முடியும்.

சீரும் விடுமுறையும்

பெற்றோர் மனமுவந்து கொடுப்பது சீர். பித்தளைப் பானை சிறிதாக இருக்கிறது, மோதிரம் வரவில்லை என்று மருமகளைத் துன்புறுத்திக் கேட்டால் அது குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181. கடன் வாங்கிச் சீர் செய்ய வேண்டாம் என்று மகளும் மருமகனும் முதலில் வாய்திறந்து சொன்னால், எந்தச் சட்டமும் தேவைப்படாது.

எல்லாரும் ஊருக்குப் போகும் நாளில் கடையில் நிற்பவர்களுக்கும் உரிமை உண்டு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் சம்பளத்தோடு தர வேண்டும். பொங்கல் அந்தப் பட்டியலில் இருந்து அன்று வேலை வாங்கினால், இரட்டைச் சம்பளம் அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிடலாம்.

குறித்துவைக்க வேண்டிய எண்கள்

நுகர்வோர் புகார்: 1915
இணைய மோசடி: 1930
வங்கி, நிதி நிறுவனம் மீதான குறைக்கு ரிசர்வ் வங்கி: 14448 (முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும்)
ரேஷன்: 1967
பெண்கள் உதவி: 181
இலவசச் சட்ட உதவி: 15100 (பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு இல்லை)

இந்த வாரமே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் செலவை எழுதுங்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்குள் அடங்காததை அடித்துவிடுங்கள். கடன் கேட்க நினைத்த செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கொடுக்க மறுப்பவர்தான் வெட்கப்பட வேண்டும்.