மருத்துவக் கடனுக்கு மஞ்சள் கடிதாசு தீர்வாகுமா?

சாலைக் கடைத்தெருவில் சிறுகடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிழக்கேகோட்டைக் கிளைக்கு வந்திருந்தார். மனைவியின் சிகிச்சைக்காக அவர் வாங்கிய கடன் நான்கு இடங்களில் நின்றது: எங்களிடம் நகைக்கடன், மைத்துனர் பிணை நின்ற தனிநபர் கடன், உறவினரிடம் கைமாற்று, வட்டிக்காரரிடம் ஒரு தொகை. சிகிச்சை முடிந்துவிட்டது, தவணைகள் முடியவில்லை. “பேசாமல் மஞ்சள் கடிதாசு கொடுத்துவிடட்டுமா, சார்?” என்று கேட்டார். இதே ஐயம் பலருக்கும் எழுவதால், அவருக்குச் சொன்ன விடையை இங்கே எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

மஞ்சள் கடிதாசு, ஐ.பி. என்று மக்கள் வழங்குவது நொடிப்பு மனுவையே. அமெரிக்காவில் மருத்துவமனைப் பாக்கியைச் செலுத்த இயலாதோர் திவால் நீதிமன்றத்தை நாடுவது பரவலான வழக்கம். நம் நாட்டின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் வறியோருக்கெனப் ‘புதிய தொடக்கம்’ என்னும் எளிய வழி எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவருக்கே அது பொருந்தும். ஆயினும் தனிநபர்களுக்கான அப்பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோர் அளவில் மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏனையோருக்குப் பழைய சட்டங்களே வழி: சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் 1920ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 1955ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம்.

மனு கொடுத்தவுடன் கடன் மறைந்துவிடுவதில்லை. நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என அறிவித்தால், அவருடைய சொத்து ரிசீவர் எனப்படும் பொறுப்பாளர் வசம் செல்லும். உடுப்பு, சமையல் பாத்திரம், தொழிற்கருவி போன்று சட்டம் விலக்கியவை மட்டுமே மிஞ்சும். கடனிலிருந்து விடுவிப்புக் கோரிப் பிறகு தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதனை நீதிமன்றம் மறுக்கலாம், நிபந்தனையும் விதிக்கலாம்.

மேலும் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, நகை, வீடு முதலிய ஈட்டின்மேல் கடன் கொடுத்தவரின் உரிமை மாறாது. இரண்டாவது, கடன்பட்டவர் விடுபட்டாலும் பிணை நின்றவர் விடுபடுவதில்லை. சுமை முழுவதும் அவர் தலையில் விழும். மூன்றாவது, மனுவுக்கு முன்பு சொத்தை மனைவி மக்கள் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தால், அம்மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கக் கூடும்.

மைத்துனரின் நிலையைக் கேட்டதும் அவ்வாடிக்கையாளர் நெடுநேரம் பேசவில்லை.

சிறை அச்சம் வேண்டா

கடனுக்காகச் சிறை செல்ல நேருமோ என்ற அச்சத்தாலேயே பலர் மனு கொடுக்க எண்ணுகின்றனர். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம், செலுத்த வழியற்ற வறுமை மட்டும் சிறைக்குக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு செலுத்த மறுப்பவரின் நிலை வேறு. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

முதலில் செய்ய வேண்டியவை

கடன் வாங்கும் முன்பே மருத்துவமனை உதவி மேசையில் விசாரியுங்கள். காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. காருண்யா நல நிதி, முதலமைச்சரின் துயர் துடைப்பு நிதி ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தவணை தவறும் என்று தெரிந்த அன்றே வங்கிக்கு வாருங்கள். பாக்கி 90 நாட்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பு தவணைக் காலத்தை நீட்டுவது எளிது. பின்னர் சமரசத் தீர்வு கேட்கலாம். ஆனால் குறைத்து முடித்த கடன் என்ற குறிப்பு உங்கள் கடன் வரலாற்றில் இடம்பெறும். வட்டிக்காரர் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவரா என்றும் பாருங்கள்.

பேச்சு முறிந்தால் லோக் அதாலத் உள்ளது. அங்கு இரு தரப்பும் ஒப்பிய தீர்வே இறுதியானது; மேல்முறையீடு இல்லை. வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நாங்கள் கடன் கொடுத்த தரப்பினர். ஆகவே எங்கள் சொல்லோடு நில்லாது, அங்கும் கேட்டுத் தெளிவதே முறை.

சொத்தும் ஈடும் பிணையாளரும் இல்லாமல், கைமாற்றும் ஈடற்ற கடனும் மட்டுமே மலையாய்க் குவிந்தவருக்கு நொடிப்பு மனு உண்மையிலேயே புகலிடமாகலாம். ஏனையோர்க்கு அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

எங்கள் வாடிக்கையாளர் மனு கொடுக்கவில்லை. நகையில் ஒரு பகுதியை மீட்டு விற்று வட்டிக்காரரின் கடனை முதலில் அடைத்தார். தனிநபர் கடனின் தவணைக் காலத்தை நாங்கள் நீட்டினோம். மைத்துனருக்கு இதுவரை அறிவிப்பு எதுவும் செல்லவில்லை.